சுழல் வால்வு

தானியத்தைச் சேமித்து வைக்க முன்னோர் குதிர்களை அமைத்தனர். குதிரின் அடியில் ஒரு சிறு வாய் இருக்கும். அதன் அடைப்பை நீக்கினால் நெல் தானே வழியும்; அடைத்தால் நிற்கும். அவ்வாய்க்குத் திறத்தலும் மூடுதலும் அன்றி வேறு தொழில் இல்லை. இக்காலத்து ஆலைகளிலோ கோதுமை மாவு, சர்க்கரை, சிமெண்டு, நிலக்கரிச் சாம்பல் முதலிய பொருள்கள் மூட்டையாகக் கட்டப்படாமலே குழாய்களின் வழியே காற்றினால் உந்தப்பட்டு ஓரிடத்தினின்று மற்றோரிடம் செல்கின்றன. அங்கே குதிரின் வாய்க்கு இரண்டு கடமைகள் ஒருங்கே வந்து சேர்கின்றன. மேலே உள்ள பொருளைக் கீழே விடுதல் வேண்டும். கீழே குழாயில் உள்ள காற்றை மேலே விடாதிருத்தலும் வேண்டும். ஒன்றிற்கு வழிவிட்டு மற்றொன்றை மறிக்கும் இவ்வாயிற்காவலனே சுழல் வால்வு ஆகும். தொழிலாளர் இதனை ரோட்டரி வால்வு என வழங்குவர்.

இதன் அமைப்பு மிக எளியது. உருளை வடிவான குடைவுடைய இரும்பு உறை ஒன்று உண்டு. அதன் மேற்புறத்தில் ஒரு வாயும் கீழ்ப்புறத்தில் ஒரு வாயும் இருக்கும். உறையின் நடுவே ஓர் அச்சு செல்கிறது. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல அவ்வச்சினின்று ஆறு, எட்டு அல்லது பத்துத் தகடுகள் புறப்படுகின்றன. அடுத்தடுத்த இரு தகடுகளுக்கு இடையே உள்ள இடம் ஓர் அறையாகும். மோட்டார் அச்சினைச் சுழற்ற, மேல்வாய்க்கு நேராக வரும் அறை பொருளை ஏற்கிறது. கீழ்வாய்க்கு நேராகச் செல்லுங்கால் அதனை இறக்குகிறது. வெறுமையாகி மீண்டும் மேலே வருகிறது. எந்த நொடியிலும் சில தகடுகள் உறையின் இருபக்கச் சுவர்களை ஒட்டியே நிற்பதால் காற்றுக்கு நேர்வழி கிடைப்பதில்லை.

தகட்டின் விளிம்பு சுவரை முற்றும் தொட்டால் உராய்ந்து தேயும். மிக விலகி நின்றால் காற்று வெளியேறும். ஆதலின் இரண்டிற்கும் இடையே 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் அளவான இடைவெளி விடுவது வழக்கம். இது தலைமயிர் இரண்டின் பருமனுக்கு ஏறக்குறைய ஒப்பாகும். பெரிய ஆலையில் பல முழ உயரமுள்ள கலங்களும் நெடுங்குழாய்களும் இருப்பினும், அவற்றின் ஒழுங்கு இந்த மயிரிழை இடைவெளியைச் சார்ந்தே நிற்கிறது.

வால்வினைத் தேர்ந்தெடுப்போர் முதலில் அது இறக்க வேண்டிய அளவினைக் கணக்கிட வேண்டும். ஒரு சுற்றுக்கு 20 லிட்டர் கொள்ளும் வால்வு நிமிடத்திற்கு 20 முறை சுழல்வதாகக் கொள்வோம். நிமிடத்திற்கு 400 லிட்டர் இறங்க வேண்டும். ஒரு லிட்டர் மாவின் எடை அரைக் கிலோகிராம் எனின், அது 200 கிலோகிராம். மணிக்கு 12 டன் ஆகும். ஆயினும் அறைகள் முழுமையாக நிரம்புவதில்லை. முக்காற் பங்கு நிரம்பினால் மணிக்கு 9 டன்னே இறங்கும். அவ்வாறாயின் வேகத்தைக் கூட்டிக் குறையை ஈடுசெய்யலாமே எனத் தோன்றலாம். அஃது எப்போதும் பயன் தருவதில்லை. அறை மிக விரைந்து கடந்து சென்றால் பொருள் உள்ளே விழுவதற்குப் போதிய நேரம் இராது. ஆதலின் சிறிய வால்வை விரைந்து சுழற்றுவதினும் பெரிய வால்வை மெல்லச் சுழற்றுவதே நன்று.

அடுத்துப் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். சிமெண்டும் சாம்பலும் அரத்தைப் போல இரும்பை அராவுவன. அவற்றிற்கு உட்புறம் கடினமான பூச்சுடைய உறையும், தேய்ந்தால் மாற்றத்தக்க விளிம்புகளும் வேண்டும். ஈரம் பட்டால் ஒட்டிக்கொள்ளும் பொருள்கள் அறையை விட்டு எளிதில் விழா. அவற்றிற்குக் காற்றோட்டம் அறைக்குள்ளேயே புகுந்து பொருளை ஊதித் தள்ளும் வகையே தக்கது. பிளாஸ்டிக் மணிகள் தகட்டிற்கும் சுவருக்கும் நடுவே அகப்பட்டு நசுங்கும். அதனைத் தடுக்க மேல்வாயை ஒருபுறமாக ஒதுக்கி அமைப்பர். உணவுப் பொருள்களுக்குத் துருப்பிடியாத எஃகினால் ஆனதும், எளிதிற் கழற்றிக் கழுவத்தக்கதுமான வால்வு வேண்டும். வெப்பமான பொருளாயின் தகடுகள் சூட்டினால் விரிந்து சுவரைப் பற்றிக்கொள்ளக்கூடும். ஆதலின் குளிர்ந்த நிலையில் சற்றே மிகுந்த இடைவெளி விடப்படும்.

எத்துணைச் சிறந்த வால்வாயினும் காற்று சிறிதும் கசியாமல் இராது. இடைவெளியின் வழியே கசிவது ஒன்று. வெற்றறைகள் மேலே திரும்புங்கால் தம்முள் சுமந்து வரும் அழுத்தக் காற்று மற்றொன்று. இக்காற்றுக்கு வேறு போக்கிடம் இல்லையெனில், அது மேல்வாயிற் புகுந்து, விழுகின்ற மாவை எதிர்த்துத் தள்ளும். அறைகள் நிரம்பா. கலத்தில் மாவு நிறைந்திருந்தும் குழாயிற் செல்லும் அளவு குறைந்துபோகும். ஆதலின் திரும்பும் அறைகளின் காற்றைத் தூசி வடிகட்டிக்குக் கொண்டு செல்லத் தனிக்குழாய் ஒன்று அமைத்தல் வேண்டும்.

இனி, இவ்வால்வின் மற்றொரு பெருங்கடமையைக் காண்போம். மாவு குவியலாகக் கிடக்கையில் எளிதில் தீப்பற்றுவதில்லை. அதுவே நுண்டூளாகிக் காற்றிற் பரவுங்கால் ஒவ்வொரு துகளையும் காற்று சூழ்ந்துகொள்கிறது. அப்போது ஒரு பொறி பட்டாலும் அனைத்தும் ஒருசேர எரிந்து வெடிக்கும். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள மினியாபொலிஸ் நகரில் வாஷ்பர்ன் ஏ ஆலை என்னும் பெரிய மாவு ஆலை இருந்தது. 1878ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் அங்கே மாவுத்தூசி வெடித்து 18 பேர் உயிரிழந்தனர். அடுத்திருந்த ஆலைகளும் அழிந்தன. அதன்பின் எழுந்த ஆலையில் தூசியை அகற்றும் பொறிகள் அமைக்கப்பட்டன. எனினும் தூசியின் தீங்கு முற்றும் ஒழிந்துவிடவில்லை. 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துப் போர்ட் வெண்ட்வொர்த் என்னும் ஊரின் சர்க்கரை ஆலையில் சர்க்கரைத்தூசி வெடித்து 14 பேர் மாண்டனர்.

இவ்விரு தீங்குகளும் வால்வினால் விளைந்தவை அல்ல. ஆயினும் தூசி வெடிப்பு ஓரிடத்தில் தொடங்கிப் பல இடங்களுக்குப் பரவுவதே பேரழிவுக்குக் காரணம் என்பதனை உணர்த்துகின்றன. ஒரு கலத்தில் எழுந்த தீ அடுத்த கலத்திற்குச் செல்லாமல் இடையே நின்று தடுக்கும் ஆற்றல் தக்கவாறு அமைந்த சுழல் வால்வுக்கு உண்டு. அதற்குத் தகடுகள் உறுதியான உலோகத்தால் ஆனவையாய் இருத்தல் வேண்டும்; ஒவ்வொரு பக்கத்திலும் இரு தகடுகளேனும் எப்போதும் சுவரை ஒட்டி நிற்றல் வேண்டும்; இடைவெளி 0.2 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. குறுகிய இடுக்கில் நுழையும் சுடர் தன் வெப்பத்தை இரும்புக்கு இழந்து அணைகிறது. வெடி நேர்ந்தவுடன் வால்வு தானே நின்றுவிடுதலும் வேண்டும். நில்லாவிடில் கனன்றுகொண்டிருக்கும் மாவை அதுவே அடுத்த கலத்தில் இறக்கிவிடும்.

இவ்விடைவெளி நாள்தோறும் சிறிது சிறிதாக விரியும் இயல்புடையது. தூளோடு கலந்த காற்று விரைந்து பாய்வதால் சுவர் தேய்கிறது. தேய்ந்த இடத்தில் இன்னும் மிகுதியாகக் காற்று பாய்கிறது. பாயப் பாயத் தேய்வும் வளர்கிறது. ஆதலின் குறித்த காலங்களில் ஃபீலர் கேஜ் எனப்படும் மெல்லிய எஃகு இலைகளைத் தகட்டிற்கும் சுவருக்கும் இடையே செலுத்தி, ஒவ்வொரு தகட்டின் இரு முனைகளிலும் அளந்து, ஏட்டிற் குறித்துவைத்தல் வேண்டும். முந்தைய அளவோடு ஒப்பிட்டால் தேய்வின் போக்கு விளங்கும். அச்சு வெளிவரும் இடத்தில் உள்ள பாக்கிங் தளர்ந்தால் தூசி பேரிங்குகளுட் புகுந்து அவற்றைக் கெடுக்கும். பேரிங் கெட்டால் அச்சு சாய்ந்து தகடு ஒருபுறம் சுவரை உராயும். உராயும் ஒலி கேட்டவுடன் வால்வை நிறுத்தி ஆராய வேண்டுமேயன்றி, மாலை வரை ஓடட்டும் என விடுதல் கூடாது. பொருளோடு ஆணியும் கம்பியும் வந்து சிக்காதவாறு முன்னதாகவே சல்லடையும் காந்தமும் அமைத்தல் நலம்.

அளத்தற்கும் துப்புரவு செய்தற்கும் முன்னர் ஆற்ற வேண்டிய கடமை ஒன்று உண்டு. வால்வு மெல்லச் சுழல்வது. ஆதலின் அடைத்துக்கொண்ட பொருளைக் கையால் தட்டிவிடலாம் எனச் சிலர் துணிவர். கத்தரிக்கோலின் இரு வாய்களைப் போலத் தகடும் உறையும் கூடுங்கால் விரலோ கையோ தப்பாது. மின்விசையை நிறுத்தினால் மட்டும் போதாது. சுவிட்சைப் பூட்டிச் சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்ளுதல் வேண்டும். பூட்டிய பின்னரும் குழாயில் எஞ்சிய காற்றழுத்தமோ அறையிற் கிடக்கும் பொருளின் எடையோ தகடுகளைத் திடீரெனத் திருப்பக்கூடும். ஆதலின் அழுத்தத்தை வெளியேற்றி, தகடுகள் அசையாதவாறு தடைகொடுத்த பின்னரே எவரும் அதனுட் கை நீட்டுதல் வேண்டும்.

ஆலைக்கு வருவோர் வானளாவிய கலங்களைக் கண்டு வியப்பர். அவற்றின் அடியில் மெல்லச் சுழலும் இச்சிறு பொறியை நோக்குவார் சிலரே. ஆயினும் மாவு தடையின்றிச் செல்வதும், தீ பரவாமல் நிற்பதும், தொழிலாளி இரு கைகளோடும் வீடு திரும்புவதும் இதனை நன்கு தேர்ந்து, நாள்தவறாது பேணுவோரின் பொறுப்பில் உள்ளன. மயிரிழையளவு தேய்வுதானே என்று எண்ணாமல், அதனை அளந்து ஏட்டிற் குறிப்பவரே அவ்வாலையைக் காப்பவர் ஆவர்.