ஒரு கணிப்பொறி, இரண்டு இயங்குதளங்கள்

ஒரே வீட்டைச் சுவர் வைத்துப் பிரித்து இரண்டு குடும்பங்கள் குடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கணிப்பொறியில் விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டு இயங்குதளங்களையும் அவ்வாறே குடிவைக்கலாம். ஆனால், ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே விழித்திருக்கும். எதை எழுப்புவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

மின்விசையைப் போட்டவுடன் கணிப்பொறியின் நினைவகம் வெறுமையாகவே இருக்கும். முதல் கட்டளைகள், மின்சாரம் நின்றாலும் அழியாத ஒரு சிறு சில்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பழைய கணிப்பொறிகளில் இதற்குப் பயாஸ் என்று பெயர். பயாஸ், வன்தட்டின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கும். அவற்றுள் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கு உரியவை. 64 பைட்டுகள் தட்டு எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளது என்று காட்டும் அட்டவணை. எஞ்சிய 2 பைட்டுகள் ஓர் அடையாள முத்திரை. கூட்டிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.

தொடக்க நிரலுக்கு இருப்பது அந்த ஓர் இடமே. விண்டோஸைப் பின்னால் நிறுவினால், அது தன் நிரலை அங்கே எழுதிவிடும். லினக்ஸ் தட்டில் அழியாமல் இருக்கும். ஆனால் எழுப்ப ஆளிராது! எனவேதான் விண்டோஸை முதலிலும் லினக்ஸைப் பிறகும் நிறுவுவது வழக்கமாயிற்று. லினக்ஸுடன் வரும் கிரப் என்னும் நிரல், இரண்டையும் பட்டியலிட்டு 'எது வேண்டும்?' என்று கேட்கும். யூ.இ.எஃப்.ஐ. முறையில் இயங்கும் புதிய கணிப்பொறிகளில் இந்த நெருக்கடி குறைவு. அங்கே ஒவ்வொன்றின் தொடக்க நிரலும் தனித்தனிக் கோப்பாக இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. முதன்முறை தட்டைப் பிரித்தபோது நான் தவறான பகுதியைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டுச் சோதனை அளவீடுகளை ஒரே நொடியில் இழந்தேன். ஆகவே, தட்டைத் தொடுமுன் கோப்புகள் அனைத்தையும் வேறொரு தட்டில் படியெடுத்து வையுங்கள். வீட்டாரின் கணிப்பொறியாயின் அவர்களிடம் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

எல்லாம் முடிந்தபின் ஒரு வேடிக்கை காத்திருக்கும். லினக்ஸில் காலை 10 மணி; விண்டோஸுக்கு மாறினால் 4.30! கடிகாரம் பழுதன்று. கணிப்பொறியின் கடிகாரச் சில்லில் லினக்ஸ் பொதுவாக உலகப் பொது நேரத்தைக் குறித்து வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமென்று படிக்கும். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது அல்லவா? லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சிக்கல் தீரும்.

எண் ஒன்றே, எதிலிருந்து அளந்தது என்பதே வேறு. அலகு குறிக்காத அளவீட்டுக்கு உங்கள் ஆசிரியர் மதிப்பெண் தராதது ஏன் என்று இப்போது விளங்குகிறதா?