கல்யாணத்துக்கு முன் ஒரு துளி ரத்தம்!

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் போகும் சாலையில் இருக்கிறது எலவனாசூர்கோட்டை. அதே சாலையில் மேற்கே போனால் கள்ளக்குறிச்சி. அதற்கும் அப்பால், மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் கல்வராயன் மலை. தமிழகத்தின் பல ஊர்களைப் போல இங்கும் சொந்தத்துக்குள் பெண் கொடுத்து, பெண் எடுப்பது உண்டு. பத்துப் பொருத்தமும் பார்க்கிறோம். ரத்தத்தைப் பார்க்கிறோமா?

ஒரே ஒரு மாற்றம்

ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதன் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்தால் போதும், ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும். கடும் வலி, ரத்தசோகை, அடிக்கடி நோய்த்தொற்று. இதுதான் சிக்கிள் செல் அனீமியா.

தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தக் குறை வந்தால் அவர் 'கேரியர்'. பெரும்பாலும் தொந்தரவே இருக்காது. தனக்கு இருப்பதும் தெரியாது. ஆனால், இரண்டு கேரியர்கள் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவிகித வாய்ப்பு உண்டு.

நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்தக் குறை இருப்பது 1952-லேயே தெரியவந்தது. 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தில் தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்கள் உள்ளன. இலக்கு ஆண்டு, 2047.

மின்சாரம் வைக்கும் ஓட்டப்பந்தயம்

சாதாரணக் கரைதிறன் சோதனை 'இருக்கிறது, இல்லை' என்று மட்டும் சொல்லும். நோயாளியா, கேரியரா என்று பிரித்துச் சொல்லாது. அதற்குத்தான் எலக்ட்ரோபோரசிஸ். அந்த ஒரு மாற்றத்தால் புரதத்தின் மின்னூட்டமும் மாறுகிறது. மின்சாரம் பாய்ச்சினால் நல்ல ஹீமோகுளோபின் ஒரு வேகத்திலும், மாறியது வேறு வேகத்திலும் ஓடும். 1949-ல் லைனஸ் பாலிங் குழு இப்படித்தான் இந்த நோயின் வேரைக் கண்டுபிடித்தது.

1981-ல் அமெரிக்காவில் ஜார்ஜென்சனும் லூகாக்ஸும் இந்தப் பந்தயத்தைத் தலைமுடி அளவுக் கண்ணாடிக் குழாய்க்குள் நடத்தினார்கள். குழாயின் உள்விட்டம் 75 மைக்ரான். மின்னழுத்தம் 30,000 வோல்ட் வரை. குழாய் மெல்லியது என்பதால் சூடு உடனே வெளியேறிவிடும்.

அதிலும் ஒரு சிக்கல். எண்ணெய் தடவாத தோசைக்கல்லில் மாவு ஒட்டிக்கொள்வதுபோல, பல புரதங்கள் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டன. 1985-ல் சுவீடனின் ஸ்டெல்லன் யெர்டேன், குழாயின் உட்சுவரில் பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமரை மெல்லிய பூச்சாகப் பதித்தார். ஒட்டுவது குறைந்தது, சுவரோரம் திரவம் தானாக ஓடுவதும் அடங்கியது. புரதங்கள் பிசிறில்லாமல் பிரிந்தன. இன்று புரத மருந்துகளின் தூய்மையைச் சோதிக்கவும் இத்தகைய பூச்சுக் குழாய்கள் உதவுகின்றன.

என்ன செய்யலாம்?

திருமணத்துக்கு முன்போ, கர்ப்பத்தின் தொடக்கத்திலோ, 'ஹீமோகுளோபின் எலக்ட்ரோபோரசிஸ்' அல்லது 'எச்.பி.எல்.சி.' பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பீட்டா தலசீமியா கேரியர்களையும் இவை பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். கடந்த மூன்று மாதங்களில் ரத்தம் ஏற்றியிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முடிவு தவறலாம்.

கேரியர் என்பது நோயல்ல. கல்யாணத்தை நிறுத்தவும் காரணமல்ல. முன்பே தெரிந்தால் தம்பதி மருத்துவ ஆலோசனையுடன் முடிவெடுக்கலாம். பிறந்த குழந்தைக்கு நோய் இருந்தாலும் முதல் மாதங்களிலேயே பாதுகாப்பு மருந்தைத் தொடங்கிவிடலாம்.