லெமான் போகிறவர் கவனிக்க!

கோயமுத்தூரில் மோட்டார் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். காப்பியைக் கூட முடிக்கவில்லை. "சார், பிள்ளைங்க கல்யாணமெல்லாம் முடிஞ்சுது. கையிலே கொஞ்சம் பணம் இருக்குதுங்க. பிரான்சு போய் அந்த லெமான் பந்தயத்தை ஒரு தடவை பாத்துடலாம்னு இருக்கேன். பிளேன் டிக்கெட் வாங்கிடட்டுங்களா?" என்று கேட்டார்.

"வாங்காதீர்கள்" என்றேன்.

மனிதரின் முகம் சுண்டிப் போயிற்று. போகவே வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் சொன்னது அதுவல்ல. இந்த யாத்திரையில் விமான டிக்கெட் கடைசியாக வாங்க வேண்டிய சாமான். அதை விளக்கப் போய் ஒரு மாலைப் பொழுது முழுவதும் கழிந்தது. அவரைப் போல ஆசை வைத்திருக்கும் வாசகர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் அல்லவா? அவர்களுக்காக அதையே இங்கே எழுதுகிறேன்.

லெமான் என்பது பாரிஸுக்குத் தென்மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தூரத்திலுள்ள நகரம். அங்கே 1923-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது இந்த 24 மணி நேரப் பந்தயம். பெரும்பாலும் ஜூன் மாதத்தின் நடுவில், சனிக்கிழமை மாலை 4 மணிக்கு ஆரம்பித்து, ஞாயிறு மாலை 4 மணிக்கு முடியும். ஏறக்குறைய 60 கார்கள். காருக்கு மூன்று ஓட்டிகள். ஒருவர் மாற்றி ஒருவர் ஓட்டுவார்கள். ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர். மழை கெடுக்காத ஆண்டில் ஜயிக்கிற கார் 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடும். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்குள்ள தூரத்தைக் காட்டிலும் இது அதிகம்! அந்தச் சுற்றில் பெரும் பகுதி, மற்ற நாட்களில் பாலும் காய்கறியும் ஏற்றிப் போகிற சாதாரண ரஸ்தாதான் என்பது இன்னொரு வேடிக்கை.

இதைப் பார்க்க மூன்று லட்சம் பேருக்கு மேல் கூடுகிறார்கள். சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. 2023-ல் நூற்றாண்டு விழாப் பந்தயம் நடந்தது. 1965-க்குப் பிறகு முதன்முறையாக அந்த ஆண்டு பெராரி கார் முதலாவதாக வந்தது. அதிலிருந்து கூட்டம் இன்னும் பெருத்துவிட்டது. பந்தயத்துக்குப் பல மாதம் முன்பே நுழைவுச் சீட்டு தீர்ந்துவிடுகிறது. விசாவுக்கோ, பிரயாணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் மனுக் கொடுக்க முடியாது. ஆகவே, விசா கிடைக்குமா என்று தெரியாத நிலையிலேயே பந்தயச் சீட்டை வாங்கியாக வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தப் பணம் போனதுதான் என்று மனத்தைத் தேற்றிக் கொள்கிறவர்களே இதில் இறங்கலாம். ஆனால் விமானக் கட்டணத்தையும் சேர்த்து அந்த அபாயத்தில் வைப்பானேன்? விசாவுக்குத் தேவை பிரயாண ஏற்பாட்டின் அத்தாட்சிதான். பணம் திரும்பாத டிக்கெட்டை அதற்கு முன் வாங்காமலிருப்பதே உத்தமம்.

விசா என்பது ஷெங்கன் விசா. 2024 ஜூன் முதல் அதற்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு வைத்தியச் செலவு இன்ஷூரன்ஸ் வேண்டும். பதில் வர வழக்கமாக 15 நாள்; சந்தேகம் எழுந்தால் 45 நாள் வரையிலும் போகலாம். எனவே, டிசம்பரில் ஜாதகம் பார்ப்பது போல் நாள் பார்த்துவிட்டு, ஜனவரி பிப்ரவரியில் மனுவைக் கொடுத்துவிட வேண்டும். நண்பரைப் போன்ற சொந்தத் தொழில்காரர்கள் பாங்குக் கணக்கு, வருமான வரிக் காகிதம், தொழில் பதிவுச் சான்று எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்துக் கொள்வது நல்லது. ஊருக்குத் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை அதிகாரிக்கு ஏற்பட வேண்டும், விஷயம் அவ்வளவுதான்.

நாற்காலியா, கூடாரமா?

"நல்ல இடமாப் பாத்து ஸ்டாண்டிலே ஒரு சீட்டு போட்டுட்டா முடிஞ்சுதுங்களே?" என்றார் நண்பர். முடியாது. 24 மணி நேரமும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்க யாரால் முடியும்? உட்கார்ந்தாலும் பந்தயத்தில் ஒரு துண்டுதானே தெரியும்? பொது நுழைவுச் சீட்டோடு நடந்து திரிவதே லெமானை அனுபவிக்கிற முறை என்பது என் கட்சி. மிச்சமாகும் பணத்தைப் படுக்கைக்குச் செலவிட வேண்டும். பந்தய மைதானத்தைச் சுற்றியே கூடாரம் போடுவதற்கு இடம் ஒதுக்கி, தனிச் சீட்டு விற்கிறார்கள். கூடாரம் அடித்து வாடகைக்கு விடுகிறவர்களும் உண்டு. நகரத்து ஓட்டல்கள் அந்த வாரம் கேட்கிற வாடகையைக் கேட்டால் தூக்கம் வராது. தூர், ஆன்ஜே போன்ற பக்கத்து ஊர்களில் தங்கி ரெயிலில் வந்து போகலாம். ஆனால் கடைசி ரெயிலைப் பிடிக்க ஓடுகிறவருக்கு இரவு போய்விடும். இரவு போனால் லெமானில் பாக்கி என்ன இருக்கிறது?

ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைவது இரவு 10 மணிக்கு. அதற்குப் பிறகு ஆர்நாஜ் வளைவுக்குப் போய் நிற்க வேண்டும். பார்வையாளர்களை அங்கே கொண்டு போக பஸ் உண்டு. சுற்றிலேயே மிக மெதுவான வளைவு அது. இருட்டிலே பறந்து வருகிற கார் பிரேக் பிடிக்கும்போது, சக்கரத்துக்குள்ளே இருக்கும் தட்டு கொல்லன் உலையிலிட்ட இரும்பு மாதிரி சிவந்து ஜொலிக்கும். இதைச் சொன்னபோது நண்பர் வாயடைத்துப் போனார். முப்பது வருஷமாக பிரேக்கைப் பிரித்து மாட்டுகிறவர் அல்லவா!

பொழுது விடியும் நேரத்தில் நல்ல குளிர் எடுக்கும். கம்பளிச் சட்டை, மழைக் கோட்டு, காதுக்குப் பஞ்சை விட உறுதியான அடைப்பான்கள் அவசியம். ஒரு சிறு ரேடியோவும் வேண்டும். யார் முன்னால், யார் பின்னால் என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க பிரம்மதேவனாலும் ஆகாது. மைதானத்தில் 91.2 பண்பலை வரிசையில் ஆங்கில வருணனை கேட்கும். சாப்பாடு விஷயத்தில் சைவர்கள் உஷாராக இருக்க வேண்டும். ஊரின் பெயர் போன பண்டமான 'ரியெத்' பன்றி இறைச்சியில் செய்வது. ரொட்டி, பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு வறுவலில் மூன்று நாளை ஓட்டலாம். ஊறுகாய் பாட்டில் ஒன்று இருந்தால் ராஜபோகம்.

வேலிக்கு அப்பால் போக வேண்டாம் என்றும் அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். 1955 ஜூன் 11-ந் தேதி லெவேயின் மெர்ஸிடிஸ் கார் முன்னால் போன காரில் மோதி எகிறிக் கரையில் விழுந்தது. அதன் பாகங்கள் ஜனக்கூட்டத்துக்குள் பாய்ந்து 80 பேருக்கு மேல் மாண்டார்கள். அன்றைக்கு வேடிக்கை பார்க்க வந்தவர்களும் நம்மைப் போல் ஒரு வருஷம் திட்டமிட்டு வந்தவர்களாகத்தானே இருந்திருப்பார்கள்? அந்த இடத்தை இடித்து மாற்றிக் கட்டிய பிறகுதான் அடுத்த பந்தயம் நடந்தது. இன்று பார்வையாளர்களைத் தள்ளி நிறுத்துகிறார்களே என்று முணுமுணுப்பவர்கள் இதை அறிய வேண்டும்.

புதன்கிழமையே போய்ச் சேர்வது நல்லது. அன்றும் வியாழனும் பயிற்சி ஓட்டங்கள். வெள்ளிக்கிழமை ஓட்டம் கிடையாது; கார்களைப் பழுது பார்க்கும் கொட்டகைகளின் முன்னே பொது ஜனங்களை நடக்க விடுகிறார்கள். மாலையில் ஓட்டிகள் நகருக்குள் ஊர்வலம் வருவார்கள். பாரிஸ் மான்பர்நாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரெயிலில் ஒரு மணி நேரப் பிரயாணம். லெமான் நிலையத்திலிருந்து டிராம் ஏறினால் மைதானத்தருகே இறங்கலாம்.

"நம்ம ஊர் நாராயண் கூட அங்கே ஓட்டினாருங்களே?" என்றார் நண்பர். ஓட்டப் போனார், பாவம். 2009-ல் நாராயண் கார்த்திகேயனுக்கு ஆடி கார் கிடைத்திருந்தது. பந்தயம் ஆரம்பிக்கும் தறுவாயில் சுவரிலிருந்து இறங்கும்போது விழுந்து தோள்பட்டை பிசகிவிட்டது. மற்ற இருவரே ஓட்டி முடித்தார்கள். 2012-ல் சென்னை கருண் சந்தோக் ஓட்டினார். அந்தப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். அவருடைய கோஷ்டி ஆறாவதாக வந்தது.

கடைசியாக ஒன்று. ஞாயிறு இரவு விமானத்துக்கு டிக்கெட் போடுகிறவர்கள் உண்டு. மூன்று லட்சம் பேர் ஒரே நேரத்தில் மைதானத்தைவிட்டுக் கிளம்பும்போது, இரண்டு நாள் தூங்காத மனிதர் பாரிஸ் போய்ச் சேர்வதாவது! திங்கட்கிழமை பகல் ரெயில், செவ்வாய்க்கிழமை விமானம் என்று குறித்துக் கொடுத்தேன்.

நண்பர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி, "அந்த வளைவுப் பேரை இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்றார்.

"ஆர்நாஜ்" என்றேன். நின்ற இடத்திலேயே காகிதத்தைப் பிரித்து எழுதிக் கொண்டார்.