உங்களுக்குத் தெரியுமா? பாளையக்காரர்கள் ஏன் அந்தமானுக்கு அனுப்பப்படவில்லை?

சீனாவில் 1916-இல் யுவான் ஷிகாய் இறந்ததும் மாகாணத்துக்கு மாகாணம் படைத்தலைவர்கள் தலையெடுத்தார்கள். 1928 வரை அவரவர் படை, அவரவர் வரி. நம் பாளையக்காரர்களை அவர்களோடு ஒப்பிடத் தோன்றும். ஆனால் பிறப்பு வேறு. 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் மதுரை நாட்டை 72 பாளையங்களாகப் பகுத்தார்கள். அரசு சிதைந்து முளைத்தவை அல்ல, அரசே வகுத்தவை. வரி வாங்கும் உரிமையோடு ஊர்க்காவல் பொறுப்பும் உண்டு: களவு போன பொருள் கிடைக்காவிட்டால் பாளையக்காரரே ஈடு தர வேண்டும். இந்தக் கடமையை நாம் மறந்துவிடக் கூடாது.

இந்தப் பாளையக்காரர்கள் ஆங்கிலேயரை எதிர்த்த 1801 போருக்குப் பின், அதில் போரிட்ட சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட 73 பேர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டார்கள். போனது அந்தமானுக்கு அல்ல, பினாங்குக்கு. காரணம், அந்தமானில், பின்னாளில் போர்ட் பிளேர் எனப்பட்ட இடத்தில் 1789-இல் தொடங்கி, பின்பு வடக்கே மாறிய ஆங்கிலேயர் குடியேற்றம் நோயால் 1796-இலேயே கைவிடப்பட்டிருந்தது. அங்கிருந்த கைதிகளும் பினாங்குக்கே அனுப்பப்பட்டார்கள். அந்தமானில் தண்டனைக் குடியேற்றம் மீண்டும் தொடங்கியது 1858-இல்தான்.