குடக் கணக்கும் லிட்டர் கணக்கும்

சென்னையில் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கத்து ஸ்டோர் வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு, எந்தக் குடித்தனத்தில் எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்பது மனப்பாடம். பத்துக் குடும்பத்துக்கு ஒரு கிணறு, ஒரு குழாய். இறைத்தால் ராட்டினம் கத்தும். குழாயடியில் குடம் வைத்தால் பின்னால் நிற்பவர் எண்ணுவார். "பின்கட்டு வீட்டுக்காரங்க இன்னிக்கு எட்டுக் குடம்" என்ற செய்தி காபி ஆறுவதற்குள் முன்கட்டுக்கு வந்துவிடும். அதிகம் எடுத்தவர் அதிகம் சுமக்கவும் வேண்டியிருந்தது. இடுப்பில் குடத்தோடு மாடிப்படி ஏறிய பெண்ணுக்கு, வீணாக்காதே என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையிருக்கவில்லை.

பிறகு தி. நகரிலும் அடையாறிலும் தனி வீடுகள் இடிபட்டு ஃபிளாட்டுகள் எழுந்தன. தரைக்கடியில் சம்ப், மேலே தொட்டி, நடுவில் ஒரு மோட்டார். இந்த மூன்றும் சேர்ந்து தண்ணீரைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டன. குழாயைத் திருகினால் வந்தது. எவ்வளவு வந்தது என்று யாருக்கும் தெரியாது. மின்சாரத்துக்கு மட்டும் கீழ்த்தளத்தில் வீட்டுக்கொரு மீட்டர் வரிசையாக நின்றது. தண்ணீருக்கு ஏன் இல்லை என்று அன்று யாரும் கேட்கவில்லை. போர்வெல்லில் இருபது முப்பது அடியில் தண்ணீர் கிடைத்த தெருக்கள் இருந்தன. மோட்டார் ஓடும் கரண்ட் செலவுதான் தண்ணீரின் விலை. 1978இல் அமைந்த குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டரும் பெரும்பாலான வீடுகளில் ஓடிய லிட்டரை அளக்கவில்லை. வீட்டின் ஆண்டு மதிப்புக்கு ஒரு வரி, அதோடு நிலையான ஒரு கட்டணம்.

அளக்கும் எண்ணமே இல்லாததால், கட்டடங்களும் அளக்க முடியாதபடியே கட்டப்பட்டன. ஒரு மாடியின் குளியலறைக்கு நேர் மேலே அடுத்த மாடியின் குளியலறை. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து அந்த அடுக்கு முழுவதற்கும் ஒரு குழாய் இறங்கும். சமையலறை அடுக்குக்கு இன்னொன்று, துணி துவைக்கும் இடத்துக்கு மற்றொன்று. பில்டருக்குக் குழாய் மிச்சம். ஆனால் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றுக்குள் தண்ணீர் மூன்று நான்கு வாசல் வழியாக நுழைகிறது. ஒரு மீட்டர் வைத்து அந்த வீட்டை அளந்துவிட முடியாது. இன்று பழைய கட்டடங்களில் மீட்டர் போட நினைக்கும் சங்கங்கள் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான்.

தெரியாத அளவை எப்படிப் பங்கு போடுவது? வீட்டுக்குச் சமமாக, அல்லது சதுர அடிக்கு இவ்வளவு. அதற்குப் பெயர் மெயின்டனன்ஸ். வருடத்தில் ஆறு மாதம் மகள் வீட்டுக்குப் போய்விடும் ஓய்வு பெற்ற தம்பதியும், ஐந்து பேர் குளிக்கும் எதிர்வீடும் ஒரே தொகை கட்டினார்கள். பொதுக்குழுவில் சண்டை மூண்டால் செகரட்டரிகளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: மோட்டார் நேரத்தைக் குறைப்பது. காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம். உடனே எல்லா வீட்டிலும் டிரம், அண்டா, பக்கெட் எல்லாம் நிரம்பும். மறுநாள் காலை புதுத் தண்ணீர் வந்ததும் நேற்றுப் பிடித்தது சாக்கடைக்குப் போகும். சிக்கனத்துக்காகப் போட்ட விதி இதைவிட அழகாக வீணடித்திருக்க முடியாது.

இந்த ஏற்பாட்டை உடைத்தது நேர்மையோ அறிவியலோ அல்ல, லாரி. 2003–04 வறட்சி ஒரு முன்னோட்டம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டருடன் வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. பழைய மாமல்லபுரம் சாலையில், குழாய் இணைப்பே எட்டாத பெரிய குடியிருப்புகள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே லாரியை நம்பித்தான் வாழ்ந்தன. கணக்கு எளிது: அரசு வழிகாட்டும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். நால்வர் வீட்டுக்கு 540. ஒரு 12,000 லிட்டர் லாரி 22 வீட்டுக்கு ஒரு நாள் வரும். 300 வீடு என்றால் தினம் பதினான்கு லாரி. தண்ணீருக்கு ரசீது வந்த பிறகுதான் 'யாருக்கு எவ்வளவு' என்ற ஸ்டோர் வீட்டுக் கேள்வி லிஃப்ட் வைத்த கட்டடத்துக்குள் திரும்பி வந்தது.

இன்று புதிதாகக் கட்டும் இடங்களில் மாடிதோறும் ஷாஃப்ட்டில் ஒரே குழாய், வீட்டுக்கு ஒரே நுழைவு, அதில் ஒரு மீட்டர். பழைய கட்டடத்தில் நான்கு நுழைவுக்கு நான்கு மீட்டர் வாங்கி, அவற்றின் கணக்கைக் கூட்டித்தான் பில் போட வேண்டும். சக்கரம் சுழலும் மெக்கானிக்கல் மீட்டர் விலை குறைவு. ஆனால் சொட்டுச் சொட்டாகக் கசிவதை அது கவனிப்பதில்லை, உப்பும் மணலும் கலந்த போர் தண்ணீரில் சீக்கிரம் மக்கர் செய்யும். ஒலி அலையால் அளக்கும் மீட்டரில் சுழலும் பாகமே கிடையாது. அளவை வானொலி அலையில் அனுப்பிவிடும்; அது செல்போனில் தெரியும். விலைதான் கூடுதல்.

மீட்டர் போட்ட இடங்களில் முதலில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஊதாரிகள் அல்ல, கழிவறைத் தொட்டிகள். அடிவால்வின் ரப்பர் தேய்ந்த ஒரு ஃபிளஷ் டேங்க், சத்தமே இல்லாமல் நாளுக்கு நூற்றுக்கணக்கான லிட்டரை இறக்கிவிடும். வீட்டில் எல்லோரும் தூங்கும் இரண்டு மணிக்கும் மீட்டர் ஓடினால் பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துத் தரை துடைப்பதும் இந்தப் பில்லைப் பார்த்த பிறகு பல வீடுகளில் வந்த வழக்கம்.

சங்கங்கள் படிக்க வேண்டிய ஆய்வு ஒன்று அமெரிக்காவில் 2004இல் வெளிவந்தது. தனி மீட்டர் வைத்துப் பில் கொடுத்த அடுக்குமாடிகளில், வாடகையோடு தண்ணீரும் சேர்ந்த இடங்களைவிட 15.3 சதவீதம் குறைவாகச் செலவானது. மீட்டர் இல்லாமல் ஏதோ ஒரு சூத்திரப்படி பங்கு பிரித்த இடங்களில் குறிப்பிடும்படியான மிச்சமே இல்லை. சதுர அடிக்குப் பங்கு போடும் நம் ஊர் மெயின்டனன்ஸும் அந்த இரண்டாவது வகைதான்.

மீட்டர் வந்தால் சண்டை தீரும் என்று நம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சண்டை இடம் மாறும். லாரிகள் இறக்கிய மொத்தமும் வீட்டு மீட்டர்களின் கூட்டுத்தொகையும் ஒருநாளும் ஒத்துப்போகாது. நடுவே தோட்டம், கார் கழுவுவது, சம்ப்பின் விரிசல், சில சமயம் லாரியே குறைவாகக் கொண்டுவந்தது எல்லாம் ஒளிந்திருக்கும். அந்த வித்தியாசத்தை யார் தலையில் கட்டுவது? வாடகைக்காரர் தேய்ந்த ரப்பரை மாற்ற வேண்டுமா, வீட்டுக்காரரா? யார் வீட்டில் அதிகம் என்ற பட்டியலை வாட்ஸ்அப் குரூப்பில் போடும் செகரட்டரிகளும் உண்டு. அது எனக்குப் பிடிக்காது. நோயாளி இருக்கும் வீட்டில் தண்ணீர் கூடுதலாகத்தான் செலவாகும், அதை நூறு பேருக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. குறைந்த அளவுக்குக் குறைந்த விலை, அதைத் தாண்டினால் ஏறும் விலை, ஒவ்வொருவர் கணக்கும் அவரவருக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வதே போதும்.

எண்பதுகளில் கட்டிய ஃபிளாட்டுகள் இப்போது ஒவ்வொன்றாக இடித்துக் கட்டப்படுகின்றன. பில்டரோடு பேசும்போது கூடுதல் சதுர அடி, கார் நிறுத்தம், மாடுலர் கிச்சன் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. வீட்டுக்கு ஒரே தண்ணீர் நுழைவு, மீட்டர் வைக்கக் கை நுழையும் அளவுக்கு ஷாஃப்ட் என்ற இரண்டு வரியையும் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன்பே எழுதி வாங்கிவிட வேண்டும். பூச்சு வேலை முடிந்தபின் கேட்டால் மறுபடியும் நான்கு மீட்டர்தான்.