கால் பிசகினா ஐஸா, வெந்நீரா? எதை எப்போ வைக்கணும்?

படியில் இறங்கும்போது கால் பிசகி, கணுக்கால் வீங்கினால் பல வீடுகளில் உடனே வெந்நீர் ஒத்தடம்தான். ஆனால் அது வீக்கத்தை இன்னும் கூட்டலாம். ஏன்?

சூடு பட்டால் ரத்தக் குழாய்கள் விரியும். அடிபட்ட இடத்தில் நீர் கசிவு கூடும். குளிர்ச்சி பட்டால் சுருங்கும், வலியும் மரத்துப்போகும். அதனால் முதல் 2, 3 நாட்களுக்கு ஐஸ்தான். துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் போதும். காலை ஊன்றவே முடியலைன்னா டாக்டரிடம் காட்டிவிடுங்கள். எலும்பு முறிவாகவும் இருக்கலாம்.

அப்போ வெந்நீர் எதுக்கு?

வீக்கம் இல்லாத பழைய கழுத்து வலி, இடுப்பு வலி, தசைப்பிடிப்புக்கு. இறுகிய தசை சூட்டில் தளரும்.

மூட்டு வலிக்குத் தண்ணீரில் பயிற்சி ஏன்?

இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடல் எடையில் ஏறக்குறைய பாதிதான் கால்களில் இறங்கும். அதனால் வலி குறைவாக நடந்து பழகலாம்.

சுகர் இருக்கிறவங்க உஷார்!

கால் மரத்துப்போயிருந்தால் சூடு உறைக்காது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அந்தப் புண் ஆறாமல் விரலையே எடுக்கும் நிலைக்குப் போகலாம். இவர்களுக்கு வெந்நீரோ ஐஸோ, டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்காமல் வேண்டவே வேண்டாம்.