குளிர் காலமும் மின்சார பில்லும்

உதகமண்டலத்தில் குடும்பத்துடன் வசிக்கும் நண்பர் ஒருவர் வீட்டில் தை மாதத்தில் இரண்டு நாள் தங்கியிருந்தோம். நாம் போய்ச் சேர்ந்த அன்றே மின்சார பில்லும் வந்து சேர்ந்தது. நண்பர் அதைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு நேரே மகனிடம் போய், "பத்து மணி வரை விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்காதே என்று எத்தனை தடவை சொல்வது?" என்று இரைந்தார். பரீட்சைக்குப் படிக்கிற பையன். பேசாமல் விளக்கை அணைத்தான்.

பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர்களால் இந்த அநீதியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? பென்ஸிலும் காகிதமுமாக நண்பர் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

ஆனி மாதத்துப் பகலைவிட மார்கழிப் பகல் அவ்வூரில் சுமார் ஒன்றேகால் மணி நேரம் குறைவு. அவ்வளவு நேரமும் ஒன்பது வாட் விளக்குகள் நான்கு எரிந்தாலும், இரண்டு மாதத்திற்கு மூன்று யூனிட் ஆகாது. பையன் நிரபராதி.

அடுத்தபடி வெந்நீர். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி உஷ்ணத்திற்குச் சமம். குளிப்பதற்கு இருபது லிட்டர் நீரை 40 டிகிரிக்குச் சுட வைக்கிறோம். வெயில் காலத்தில் குழாய் நீர் 20 டிகிரி இருந்தால், இதற்கு அரை யூனிட்கூட வேண்டாம். அதே நீர் தை மாதத்தில் 12 டிகிரிக்கு இறங்கிவிட்டால், முக்கால் யூனிட்டை நெருங்குகிறது. நான்கு பேர் குளிக்கும் வீட்டில் இரண்டு மாதத்தில் சுமார் 45 யூனிட் அதிகம். குளிருக்கு இதமாக இன்னும் ஒரு சொம்பு, இன்னும் ஒரு சொம்பு என்று ஊற்றிக்கொள்வதை நாம் கணக்கில் சேர்க்கவில்லை.

"அப்படியானால் மீதி?" என்றார் நண்பர். நாம் அவருடைய காலடியைப் பார்த்தோம். அங்கே 2,000 வாட் ஹீட்டர் ஒன்று செக்கச் செவேலென்று ஜொலித்துக்கொண்டிருந்தது! தினம் மூன்று மணி நேரமென்றால் ஆறு யூனிட். இரண்டு மாதத்தில் 360. யூனிட் ஏற ஏறக் கட்டண விகிதமும் படிப்படியாக ஏறும் முறையாதலால், பில் இன்னும் வேகமாக ஏறுகிறது. இதே மலையில் பைக்காராவில் 1932-லேயே நீரிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் சொந்த ஊர்ச் சரக்கு என்று மீட்டர் தாட்சண்யம் காட்டுவதில்லை.

அந்த உஷ்ணமாவது அறையில் தங்குகிறதா? அறை 18 டிகிரி, வெளியே 12 என்றால் வித்தியாசம் ஆறு. வெளியே 6 டிகிரியானால் வித்தியாசம் பன்னிரண்டு. சுவரும் ஜன்னலும் வெளியே கடத்தும் உஷ்ணமும் ஏறக்குறைய இரட்டிப்பு. நண்பருடையதோ வெள்ளைக்காரர் காலத்து பங்களா. உபயோகமற்ற கணப்பின் புகைபோக்கி வழியாக, காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று ஆகாயத்திற்குப் போய்க்கொண்டிருந்தது.

நண்பரின் மனைவியார், "ஹீட்டரே வேண்டாம், இரும்புச் சட்டியில் கரி நெருப்பைப் போட்டு அறையில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டால் போகிறது" என்றார். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை; தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். மலை ஊர்களில் இவ்விதம் உயிர் போன செய்திகளை எடுத்துச் சொன்னோம். அம்மாள் கரிச் சட்டியைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

மறுநாள் தச்சர் வந்து புகைபோக்கியின் வாயைப் பலகையால் அடைத்தார். ஜன்னல்களுக்குக் கனமான திரைகள் வந்தன. ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் அணைக்கப்பட்டது. பையன் விளக்கைப் போட்டுக்கொண்டு பத்தரை மணி வரை படித்தான். நண்பர் வாயைத் திறக்கவில்லை.